மோப்பக் கல்வி

நாய்க்குட்டி கண் மூடியபடியே பிறக்கிறது. அதன் செவிகளும் அப்போது அடைபட்டிருக்கும். ஏறத்தாழ இரண்டு கிழமைகள் கழிந்த பின்னரே இமைகள் பிரியும். செவிகள் திறப்பது அதற்கும் சற்றுப் பிந்தியே. ஆயினும் பிறந்த அன்றே அது தாயின் முலையைத் தேடி அடைந்துவிடுகிறது. உலகத்தை அது முதன்முதலில் அறிவது மூக்கினாலேயாம். இவ்வாறிருக்க, நாய்க்கு மோப்பம் பிடிக்கக் கற்பிக்கிறோம் என்று மனிதர் கூறிக்கொள்வது சற்று வேடிக்கையான பேச்சே. மனிதருடைய மூக்கில் மணமறியும் உயிரணுக்கள் ஐம்பது, அறுபது இலட்சம் அளவில் உள்ளன என்பர். நாயின் மூக்கிலோ இனத்துக்கு ஏற்ப அவை பத்து இருபது கோடிக்கு மேலும் உண்டு. ஏழையொருவர் செல்வனுக்குப் பணம் எண்ணக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டதைப் போன்றதே இம்முயற்சி.

அப்படியானால் கற்பிப்பதற்கு யாதுமில்லையா? உண்டு. உலகத்து மணங்கள் அனைத்துள்ளும் எந்த மணத்தைத் தேட வேண்டும் என்பதை நாய் அறிய வேண்டும். தேடிய மணம் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அறிய வேண்டும். இவை இரண்டையும்விட அரியது மூன்றாவது ஒன்று. தன் எசமானின் முகத்தைக் காட்டிலும் தன் மூக்கையே அது நம்பப் பழக வேண்டும். இந்த மூன்றாவது பாடத்திலேதான் பெரும்பாலான நாய்கள் தவறிவிடுகின்றன. அதற்குக் காரணம் அநேகமாக எசமானர்களே.

மோப்பம் நிகழும் முறையை முதலில் அறிவது நன்று. நாய் முகரும்போது ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்து முறை காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறது. அதன் மூக்குத் துவாரங்களின் பக்கத்தே சிறு பிளவுகள் உள்ளன. உள்ளே சென்ற காற்று அப்பிளவுகளின் வழியே பக்கவாட்டில் வெளியேறுகிறது. இதனால், வெளிவிடும் மூச்சு எதிரே உள்ள மணத்தைக் கலைத்துவிடுவதில்லை. மூக்கின் ஈரமும் வீணானதன்று. காற்றில் மிதந்துவரும் நுண்துகள்கள் அதிற் படிகின்றன. ஆனால் வெயில் ஏறி நாய்க்கு இளைப்புத் தோன்றினால், அது நாவைத் தொங்கவிட்டு வாயால் மூச்சுவிடத் தொடங்கும். உடலின் சூட்டைத் தணிக்கவும் மூக்கால் ஆராயவும் ஒரே வேளையில் அதனால் இயலாது. ஆகவே இளைக்கும் நாயைத் தேடச் சொல்வது, களைத்து உறங்கும் பிள்ளையைக் கணக்குச் செய்யச் சொல்வதை ஒக்கும்.

இனி, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவோம். மருதனார்மடம் என்றதும் பலருக்குச் சந்தை நினைவுக்கு வரும். காங்கேசன்துறை வீதியில் நிமிர்ந்து நிற்கும் அனுமாரும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய மகளிர் கல்லூரியும் நினைவுக்கு வரலாம். வீதியை விட்டு உள்ளே இறங்கினால் செம்மண் தோட்டங்கள். அவற்றின் ஓரங்களிலே கிளுவை வேலிகளும் பனையோலை வேலிகளும். அவற்றுக்கும் அப்பால் ஆங்காங்கே வடலிகளும் பற்றைகளும் மண்டிய வெறுங்காணிகள். இத்தகைய நிலந்தான் கௌதாரிக்கு ஏற்றது. இலங்கையிலே இப்பறவையை எங்கும் காண முடியாது. வடமேற்குக் கரையோரத்திலும் வடக்கிலுமே அது வாழ்கிறது. காலையிலும் மாலையிலும் அதன் உரத்த குரல் வடலிகளுக்குள்ளிருந்து எழும். அருகே சென்று தேடினால் அங்கே ஒன்றும் தென்படாது. கௌதாரி எளிதிற் பறப்பதில்லை. புல்லுக்குள்ளே குனிந்து ஓடும். ஓடி முடியாதபோது திடீரெனப் படபடத்து எழும். நிலத்தின் நிறமே அதன் நிறம். கண்ணை ஏமாற்றுவதற்கென்றே அமைந்த பறவை அது. மூக்கை ஏமாற்றுவது அதற்கு அவ்வளவு எளிதன்று.

முன்னாளிலே வடக்கில் துப்பாக்கி ஏந்தி உள்ளானையும் கௌதாரியையும் தேடிச் சென்றவர்கள் உண்டு. வலையும் கண்ணியும் வைத்தவர்களும், வளர்ப்புக் கௌதாரியைக் கூண்டிலிட்டுக் கூவச் செய்து காட்டுக் கௌதாரியை அழைத்துப் பிடித்தவர்களும் உண்டு. அந்தக் காலம் கழிந்துவிட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் காட்டுப் பறவைகளுக்குக் காவலாக நிற்கின்றன. கௌதாரியைக் கொல்வதற்காக நாயைப் பழக்குவது இன்று சட்டத்துக்கு மாறானது. ஆனால் கண்டுபிடிப்பது வேறு, கொல்வது வேறு. தோட்டத்து வேலியோரத்திலே கள்ளக் கூடு வைத்து முட்டையிடும் கோழியைக் காட்டித்தரும் நாய் எந்த வீட்டுக்கும் உதவியானதே. வெறுங்காணியின் பற்றையை வெட்டித் தீயிடுமுன், நிலத்திலே முட்டையோடு கிடக்கும் பறவையின் கூடு அங்கே உண்டா என்று காட்டக்கூடிய நாய் அதனினும் பெரிய உதவி செய்வதாகும். ஐரோப்பிய நாடுகளிலே புல்வெட்டும் இயந்திரம் வயலில் இறங்குமுன் நாய்களை விட்டுத் தேடும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நல்ல இன நாய் வேண்டுமே என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டிலே இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எனப் புகழ்பெற்ற நாயினங்கள் உண்டு. அவற்றுள் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடும் முயலைக் கண்ணாற் கண்டு விரட்டுவதற்குப் பெயர்பெற்றவை. மேனாட்டிலே பறவையைத் தேடுவதற்கென்றே சில இனங்களை மக்கள் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்தனர். இங்கிலாந்தின் யோன் கையஸ் என்ற மருத்துவர் 1570ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் எழுதிய நாய்களைப் பற்றிய நூலிலேயே, பறவையின் இருப்பிடத்தை அறிந்ததும் ஓசையின்றிப் பதுங்கிக் கிடக்கும் நாய் கூறப்படுகிறது. வேட்டைக்காரர் வலையோடு வந்து பறவையை மூடுவர். ‘செற்றர்’ என்ற இனப் பெயர் இப்பதுங்கலால் வந்தது. மணம் கிடைத்ததும் ஒரு முன்காலைத் தூக்கி, வாலை நீட்டி, கல்லைப்போல நின்று திசைகாட்டும் நாய் ‘பொயின்ரர்’ எனப்பட்டது. இத்தகைய பரம்பரைக் குணம் ஊர் நாய்க்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஒழுங்கையிலே திரியும் ஊர் நாய்க்கும் மூக்கு முழுதாகவே இருக்கிறது. நின்று காட்டுவதற்குப் பதிலாக அமர்ந்து காட்ட அதைப் பழக்கலாம்.

பழக்கத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியது நாயை அன்று, காற்றையே. மணம் நிலைத்து நிற்பதில்லை. ஒரு பொருளிலிருந்து புறப்பட்ட மணம் காற்றோடு சென்று, செல்லச் செல்ல விரிந்து, ஒரு கூம்பைப்போலப் பரவும். அக்கூம்பின் நுனியிலே பொருள் இருக்கும். காற்று வரும் திசையை நோக்கிச் செல்லும் நாய் ஏதோ ஓரிடத்தில் கூம்பின் விளிம்பைத் தொடும். உடனே தலை திரும்பும். பின்னர் மணம் உள்ள பக்கமும் இல்லாத பக்கமுமாக வளைந்து வளைந்து சென்று நுனியை அடையும். காற்றுக்கு முதுகு காட்டிச் செல்லும் நாயோ பொருளை மிதிக்கும்வரை ஒன்றும் அறியாமற் போகலாம். நாயின் மூக்கு மழுங்கியது என்று பழி கூறுவோரிற் பலர் தம் முதுகிலே காற்றுப் படுவதைக் கவனியாதவர்கள்.

குடாநாட்டார் காற்றுக்குப் பெயரிட்டு வாழ்ந்தவர்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகம் வேகமானது. மணத்தைச் சிதறடித்து நெடுந்தூரம் கொண்டுசெல்லும். மாரிக் காலத்து வாடை குளிர்ந்தது, ஈரமுள்ளது. மணம் அதில் தங்கும். இளநாய்க்கு முதற்பாடம் தொடங்கச் சோழகம் சுழன்றடிக்கும் நண்பகல் ஏற்ற வேளையன்று. விடியற்காலையிலே, தோட்டத்துக்கு முதல்நாள் இறைத்த நீரின் ஈரம் மண்ணில் இருக்கும்போது, மென்காற்றில் தொடங்குவதே நன்று. ஒருபிடி உலர்ந்த புழுதியைக் கையிலிருந்து விழவிட்டால் காற்றின் திசை தெரிந்துவிடும். வேலிகளையும் மறத்தலாகாது. நெருக்கமாக அடைத்த பனையோலை வேலியிலே காற்று மோதித் திரும்புவதால், வேலியின் அடியிலே மணம் தேங்கி நிற்கும். பொருள் பத்து முழத்துக்கு அப்பால் இருக்க, நாய் வேலியடியைச் சுற்றிச் சுற்றி வருவதைக் காணலாம். அது பிழை செய்யவில்லை. தேங்கிய மணத்தைப் படிக்கிறது. சற்றே பொறுத்தால் மெய்யான வழியை அதுவே தெரிந்துகொள்ளும்.

மருந்து தெளித்த வெங்காயத் தோட்டத்துக்குள்ளும் புகையிலைத் தோட்டத்துக்குள்ளும் நாயை விடுதல் கூடாது. மூக்கு நிலத்தோடு செல்லும் விலங்குக்கு அந்நஞ்சு மனிதரினும் விரைவிற் சேரும்.

பாடம் எவ்வாறு நடைபெறும் என்பதற்கு ஒரு காட்சியை நேயர்கள் மனத்திற் கொள்ளலாம். நான்கு மாத நாய்க்குட்டி ஒன்று; அதை வளர்க்கும் சிறுவன் ஒருவன்; அவனுடைய அப்பு. வீட்டிலே முட்டைக்காக வளர்க்கும் காடைகளின் உதிர்ந்த இறகுகளை ஒரு துணியிற் பொதிந்து முடிந்திருக்கிறார்கள். முதற்சில நாட்கள் அத்துணியோடு விளையாட்டு மட்டுமே. துணியை முகர்ந்தால் ஒரு துண்டுக் கருவாடு. துணியைக் கவ்விக்கொண்டு வந்தால் தடவலும் பாராட்டும். மணமும் மகிழ்ச்சியும் நாயின் உள்ளத்தில் ஒன்றாகிவிட வேண்டும். பின்னர் துணி புல்லுக்குள்ளே மறைகிறது. முதலில் ஐந்தடி தூரத்தில், அடுத்து வடலியின் அடியில், அதன்பின் காணியின் மறுமூலையில். மறைப்பதை நாய் காணலாகாது. மறைப்பவர் நேர்வழியே போய்த் திரும்பினால் நாய் அவருடைய காலடி மணத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே அப்பு துணியைக் காற்று வரும் பக்கமாகச் சுற்றிச் சென்று எறிந்துவிட்டு வருகிறார். சிறுவன் நீண்ட கயிற்றிலே நாயைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிர்முகமாக நிற்கிறான்.

நாய் புறப்பட்டு எதிர்ப்பக்கமாகப் போகிறது. சிறுவனுக்குப் பொறுக்கவில்லை.

“அப்பு, அது பிழையான பக்கம் போகுதெல்லே!”

“போகட்டும், தம்பி. காத்து வந்து திருப்பும். நீ கத்தாதை. கை காட்டிக் குடுத்தியெண்டால் பேந்து அது மூக்கை விட்டிட்டு உன்ரை கையைத்தான் பாக்கும்.”

அப்பு கூறிய இவ்வொரு சொல்லிலே மோப்பக் கல்வியின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. நாய் மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த விலங்கு. மனிதர் கண் திரும்பும் திசையையும், தோள் விறைப்பதையும், மூச்சு அடங்குவதையும் அது ஓயாமற் கவனித்துக்கொண்டிருக்கிறது. கடினமான பாடம் ஒன்றிருக்க எளிதான விடை எசமானின் முகத்திலே எழுதியிருந்தால், எந்த மாணாக்கனும் முகத்தைப் பார்த்தே எழுதுவான். பள்ளிக்கூடம் அறிந்தோருக்கு இது புதிய செய்தியன்று.

பேர்லின் நகரத்திலே 1904ஆம் ஆண்டளவில் ஒரு குதிரை பெரும்புகழ் பெற்றது. கூட்டற் கணக்கைக் கேட்டால் அது குளம்பைத் தட்டி விடை கூறும். ஒஸ்கார் பிவுங்ஸ்ற் என்ற ஆராய்ச்சியாளர் அதனை நுணுகி ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளிப்படுத்தினார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவருடைய தலை அவரை அறியாமலே இம்மியளவு அசைந்தது. அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. விடை தெரியாதவர் கேட்டபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை.

இது குதிரையோடு முடிந்த கதையன்று. அமெரிக்காவிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2011ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். போதைப்பொருளும் வெடிபொருளும் தேடப் பழகிய பதினெட்டு நாய்களை, அவற்றை நடத்துவோருடன் ஒரு தேவாலயக் கட்டிடத்தினுள் அனுப்பினர். சிவப்புத் தாள் ஒட்டியுள்ள இடங்களிலே மணப்பொருள் உண்டு என்று நடத்துவோருக்குக் கூறப்பட்டது. மெய்யாகவே அங்கே எவ்விடத்திலும் எதுவும் வைக்கப்படவில்லை. மொத்தம் 144 தேடல்கள் நடைபெற்றன. அவற்றுள் நாய் எதையும் காட்டவில்லை என்ற சரியான முடிவு கிடைத்தவை 21 மட்டுமே. மனிதர் உண்டு என நம்பிய இடத்திலே நாயும் உண்டு என்றது. இந்நாய்கள் மூக்கற்றவை அல்ல, நன்கு பழகியவை. மூக்கின் சொல்லை மனிதரின் நம்பிக்கை மேவிவிட்டது, அல்லது நாயின் சிறு தயக்கத்தையும் மனிதரே விடையாகக் கொண்டுவிட்டார்.

இதனால் இளநாயைப் பழக்குவோர் ஒரு கட்டுப்பாட்டை மேற்கொள்வது நலம். பாடம் சற்று முதிர்ந்ததும், மறைப்பவர் வேறாகவும் நாயை நடத்துபவர் வேறாகவும் இருத்தல் வேண்டும். அப்பு மறைக்க, சிறுவன் இடமறியாமல் நாயோடு செல்ல வேண்டும். அப்போது சிறுவன் நாயை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை; நாய்க்கும் தன் மூக்கைத் தவிர வேறு துணையில்லை. சில நாட்களில் எதையுமே மறையாமல் தேடவிட வேண்டும். ‘இங்கே இல்லை’ என்பதும் ஒரு விடை என்று நாயும் சிறுவனும் ஒருங்கே கற்க அதுவே வழி. பழகிய முதிய நாயோடு இளநாயைச் சேர்த்து அனுப்பினால் விரைவிற் கற்றுக்கொள்ளும் என்று எண்ணுவோரும் உளர். துணிவு வருவதற்கு ஓரிரு முறை அது உதவலாம். நாள்தோறும் அனுப்பினால், இளநாய் கற்பது முதிய நாயின் வாலைப் பின்தொடர்வதையே. இறகைத் தடியிற் கட்டி நாயின் கண்முன்னே ஆட்டிக் காட்டுவதும் அவ்வாறே. பார்ப்பவருக்கு அது அழகான விளையாட்டு; நாய்க்கோ கண்ணின் பாடம்.

கண்டுபிடித்ததும் என்ன செய்வது என்ற பாடம் இறுதியில் வருவது. பறவையைக் கண்டதும் பாய்வது நாயின் இயல்பு. பாய்ந்தால் பறவை எழுந்துவிடும், கூடு கலையும். துணியை முகர்ந்த கணத்திலே கயிற்றால் மெல்லத் தடுத்து, அமரச் செய்து, அமர்ந்த பின்னரே கருவாடு கொடுத்துப் பழக்கினால், சில கிழமைகளில் மணம் என்ற சொல்லுக்கு அமர்தல் என்பதே பொருளாகிவிடும். அடித்துப் பழக்குவோர் இங்கே ஒரு பெரிய தீங்கைச் செய்கின்றனர். மணம் கிடைத்த இடத்திலே அடி விழுந்தால், அடுத்த முறை மணம் கிடைத்தாலும் நாய் கிடைக்காததுபோலக் கடந்து போகும்.

கொல்லாமற் கண்டுபிடிக்கும் பறவை நாய்க்கு உலக வரலாற்றிலே ஓர் உயர்ந்த முன்னுதாரணம் உண்டு. நியூசிலாந்திலே இறக்கையிருந்தும் பறக்கவியலாத ககாப்போ என்னும் கிளியும் கிவி என்னும் பறவையும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஊனுண்ணிகளால் அழிந்துகொண்டிருந்தன. இறிச்சாட் ஹென்றி என்பவர் 1894ஆம் ஆண்டில் தென்மேற்கிலுள்ள றெசொலூசன் தீவின் காவலராக நியமிக்கப்பட்டார். பெருநிலத்தின் அடர்ந்த காட்டிலே, வாய்க்குக் கவசமிட்ட நாயைக் கொண்டு அப்பறவைகளை மோப்பத்தால் தேடிப் பிடித்துத் தீவுக்கு ஏற்றினார். சில ஆண்டுகளுள் ஐந்நூறுக்கு மேற்பட்ட பறவைகள் இவ்வாறு கடல் கடந்தன. 1900ஆம் ஆண்டிலே, கீரியையொத்த ஸ்ரோற் என்னும் விலங்கு நீந்தித் தீவை அடைந்துவிட்டது தெரியவந்தது. அவருடைய உழைப்பு அத்தீவிலே வீணாயிற்று, முறை வீணாகவில்லை. அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களம் அரிய பறவைகளைத் தேடுவதற்கு இன்றும் பயிற்சிபெற்ற நாய்களை வைத்திருக்கிறது.

வடக்கிலே மோப்ப நாய் வேறொரு வேலைக்காக வந்து சேர்ந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர், மக்கள் தம் காணிகளுக்குத் திரும்ப முயன்றபோது, வடலிக்குள்ளும் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் மிதிவெடிகள் காத்திருந்தன. அவற்றை அகற்ற வந்தோர் உலோகங்காட்டும் கருவிகளோடு நாய்களையும் ஈடுபடுத்தினர். பிளாஸ்ரிக் உறையிலே சிறிதளவு உலோகமே கொண்ட வெடி, கருவிக்குத் தப்பலாம். குண்டுச் சிதறல்கள் நிறைந்த நிலத்திலே கருவி ஓயாமற் கூவிக்கொண்டேயிருக்கலாம். நாய் தேடுவது உலோகத்தையன்று; மண்ணூடாக மெல்லக் கசிந்து மேலெழும் வெடிமருந்தின் மணத்தை. 2009இல் போர் முடிந்த பின்னரும், 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்த பின்னரும், முகமாலை போன்ற இடங்களிலே நிலத்தைத் துப்புரவாக்கும் பணி நீண்டது.

மருதனார்மடத்துச் சிறுவனின் பாடமும் அங்கே நடைபெறும் பாடமும் முறையால் வேறானவை அல்ல. துணிக்குப் பதிலாக வெடிமருந்தின் சிறு மாதிரி. கருவாட்டுக்குப் பதிலாக இறப்பர்ப் பந்து. மணம் கிடைத்ததும் நாய் அசையாமல் அமர வேண்டும். காற்றின் திசை பார்த்தே பாதை வகுக்கப்படும்; வெயில் ஏறுமுன் வேலை முடியும். வேறுபாடு பிழையின் விலையிலே உள்ளது. தோட்டத்திலே நாய் தவறவிட்டால் ஒரு துணிமுடிச்சு புல்லுக்குள்ளே கிடக்கும். அங்கே தவறவிட்டால், சில மாதங்களின் பின் மாடு கட்டச் சென்ற ஒருவரின் கால் போகும். அதனால் ஒரு நாயின் சொல்லை மட்டும் ஏற்பதில்லை. ஒரு நிலத்தை ஒரு நாய் தேடிய பின்னர் மற்றொரு நாயும் தனியாகத் தேடும். நாய்க்கு வைக்கும் தேர்விலே, மாதிரி எங்கே புதைக்கப்பட்டுள்ளது என்பது நாயை நடத்துபவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பந்தைக் கையில் மறைத்து வைத்திருப்பவரின் முகத்தை நாய் படித்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம்.

அப்பணியிலுள்ளோர் கையாளும் ஒரு வழக்கம் இளநாயைப் பழக்குவோர் அனைவருக்கும் உதவக்கூடியது. வெடி எதுவும் இல்லாத நிலத்தைக் காலை முழுவதும் தேடிய நாய்க்கு ஊக்கம் குன்றும். தேடுவதிலே பயனில்லை என்று அது முடிவு கட்டிவிடும். அத்தகைய நாளிலே, வேலை முடியும் வேளையில், துப்புரவான வேறோரிடத்தில் மாதிரியொன்றை மறைத்து வைப்பார்கள். நாய் அதனைக் கண்டு அமரும்; பந்து வந்து விழும். அதன் பின்னரே அன்றைய கயிறு கழற்றப்படும்.